பிளக் ஒயர் மாற்றினேன் என்று சொன்னால் பழைய ஒயரைக் கையில் வாங்கிவிட்டுக் காசு கொடுங்கள்

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. (விற்றுவிடு என்று சொல்ல வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், நீங்கள் வேறு வேண்டாம்.) போன கார்த்திகையில் வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரே நடுக்கம், மொத்தமே மூன்று சிலிண்டர், அதில் ஒன்று லீவு போட்டால் எப்படி இருக்கும், அப்படி. பெட்ரோல் வாசனை வேறு. சேலம் டவுனுக்குள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம், இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

மெக்கானிக் பானெட்டைத் திறந்ததுமே, "பிளக் ஒயர் போயிடுச்சுங்க சார், செட்டாவே மாத்திடலாம்" என்றார். (சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகிற ஒயர்.) அவர் சொன்னது சரிதான், எனக்கு எரிச்சலே அதில்தான். நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, மருந்துக்குக் காசும் வாங்கிக்கொண்டு, மருந்தை மட்டும் கொடுக்காத டாக்டர் மாதிரி.

சாயங்காலம் போனால் இன்ஜின் பளபளவென்று இருந்தது. ஒயர் மேலெல்லாம் கறுப்பு நெளிவுக் குழாய் மாட்டி, முனையில் புது ரப்பர் மூடி. எஸ்டிமேட் என்று மேலே அச்சடித்த ரோஸ் தாளில் கணக்கு: ஒயர் செட் ஒரிஜினல் 1,450, டிஸ்ட்ரிபியூட்டர் (மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) கேப்பும் ரோட்டாரும் 900, பிளக் மூன்று 600, டியூனிங் கூலி 900. ஆக 3,850. ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கடை முத்திரை இல்லை, நானும் கேட்கவில்லை. ஓமலூர் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினார், வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து ஏற்காட்டில் சித்தி வீட்டு விசேஷம். அம்மா, மனைவி, மகள், பின்சீட்டில் ஒரு பலாப்பழம். அடிவாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, பாதியைத் தாண்டியதும் பனிமூட்டம், வண்டி குலுங்க ஆரம்பித்தது, இரண்டாவது கியரிலும் இழுக்கவில்லை, பதினாலாவது வளைவு தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த எஸ்டேட் ஜீப் டிரைவர் இறங்கி வந்தார். "அண்ணா, இன்ஜின் ஓடட்டும், பானெட்டைத் திறங்க, டார்ச்சை அணைங்க, எதையும் தொடாம பாருங்க" என்றார். இருட்டில் நன்றாகத் தெரிந்தது. நடு சிலிண்டருக்குப் போகும் ஒயரிலிருந்து இன்ஜின் இரும்புக்கு நீல நூல் மாதிரி பொறி, டிக் டிக்கென்று தாவிக்கொண்டிருந்தது.

சமதளத்தில் ஏன் தெரியவில்லை என்பதை அவர்தான் சொன்னார். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் பொறி தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். ஒயரின் ரப்பர் வெடித்திருந்தால் அத்தனை ஆயிரம் வோல்ட்டும் பிளக் வரைக்கும் போகாமல் பக்கத்து இரும்பில் இறங்கிவிடும், ஈரம் பட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் ஓமலூர் ரோட்டு ட்ரையல் எதற்கும் சாட்சி இல்லை. புது பிளக் போட்டதில் கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த நெளிவுக் குழாயைக் கத்தியால் கீறினோம். உள்ளே ஒயரில் ரோஸ் கலரில் இரண்டு புள்ளி.

இரண்டு வருஷத்துக்கு முன் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது, எது எந்த சிலிண்டர் என்று குழம்பாமல் இருக்க மகளின் நெயில் பாலிஷால் நானே வைத்த புள்ளி. ஒன்றாவதற்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. மூன்றும் அப்படியே இருந்தன. பழைய ஒயருக்கே புதுச் சட்டை போட்டு 1,450 வாங்கியிருக்கிறார்கள். டிரைவர் ஜீப்பிலிருந்து சைக்கிள் டியூப் துண்டு கொண்டுவந்து, ஒயரைத் துணியால் துடைத்து, சுற்றி, இரும்பில் படாமல் தூக்கிக் கட்டிவிட்டார். ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். காசு வாங்க மறுத்துவிட்டார், பலாப்பழத்தில் பாதி வாங்கிக்கொண்டார்.

கடைக்குப் போய்க் கேட்டால் முதலில் "பையன் தெரியாம பண்ணிட்டான் சார்" என்றார். அப்புறம், "நீங்க சரி பண்ணத்தானே சொன்னீங்க, மாத்தச் சொல்லலையே" என்றார். நான் நகராமல் நின்றதில், வேறு இரண்டு கஸ்டமர்கள் காது கொடுத்துக் கேட்டதில், 1,500 திரும்பி வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915 என்று சொல்லிப் பார்த்தேன், ரோஸ் தாளைப் பார்த்துச் சிரித்தார். கேப்பும் ரோட்டாரும்கூடப் புதிது இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது என்று பிறகுதான் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒயர் செட்டை நானே ஸ்பேர்ஸ் கடையில் 640 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன், அரை மணி நேர வேலை. மூன்று பிளக்குக்கு மூன்று, வோல்டேஜை ஏற்றித் தரும் காயிலிலிருந்து கேப்புக்கு ஒன்று, மொத்தம் நாலு. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, உள்ளே கார்பன் இழை அறுந்துவிடும், ரப்பர் மூடியைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி அதே நீளத்தில் புதிதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும், இதில் பொறி விழும் வரிசை 1-3-2, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள், என் நடு சிலிண்டர் ஒயரில் முள்ளே அசையவில்லை, உள்ளே அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம்தான் விடுவேன் என்றால் விடும் முன் எங்காவது மறைவாக ஒரு புள்ளி வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்து மறுபடி ஏறினோம், 20 வளைவிலும் ஒரு மிஸ் இல்லை. இறங்கும்போது பிரேக் கீச்சிட்டது. அதை எங்கே விடுவது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.