டிராம்வே பாதையில் நடக்க அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் கவனம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நான், அப்பா, மச்சான், அவர் பையன் என நாலு பேர் போன மாதம் பரம்பிக்குளம் கிளம்பினோம். காட்டு மரங்களை ஏற்றிப் போகக் கொச்சி சமஸ்தானம் ஓட்டிய பழைய டிராம்வே ரயில் பாதையில் ஒரு நாள் நடை, தலைக்கு 2,400 ரூபாய், அனுமதியெல்லாம் தயார் என்றார் ஏஜென்ட். 5,000 முன்பணமாக ஜிபேயில் அனுப்பினேன். முத்திரை போட்ட அனுமதிக் கடிதம் வாட்ஸாப்பில் வந்தது.

பொள்ளாச்சி பக்கத்துச் சேத்துமடை செக்போஸ்டில் இருந்தவர் கடிதத்தைப் பார்த்ததுமே திருப்பித் தந்துவிட்டார். அதில் இருந்தது தமிழ்நாடு வனத்துறை முத்திரை. போகும் வழி தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தாலும் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரள வனத்துறையின் பொறுப்பு. உள்ளே நடக்க அனுமதி தர வேண்டியவர்கள் அவர்கள்தான். இது நமக்குத் தெரிந்த விஷயம்தானே, கடிதம் வந்த அன்றே கவனித்திருக்க வேண்டும் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஏஜென்டைக் கூப்பிட்டால், "கீழேயும் டிராம் லைன் இருக்குதுங்க, ஜீப் அனுப்புறேன்" என்றார். வந்த ஜீப் ஒரு தென்னந்தோப்புக்குள் போய் நின்றது. வாய்க்கால் ஓரம், புல்லுக்குள் துருப்பிடித்த இரண்டு தண்டவாளம். "இதுதானுங்க ஐயா" என்றார் டிரைவர்.

அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றும் பேசாமல் குந்தி உட்கார்ந்தார். ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்குச் சாண் போட்டு அளந்தார். "அந்த டிராம் மீட்டர் கேஜ், ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர், நாலரைச் சாண் வேணும் தம்பி. இது மூணுகூட இல்லையே" என்றார். செங்கல் சூளைத் தள்ளுவண்டிக்குப் போட்டது என்று தோப்புக்காரர் அப்புறம் சொன்னார்.

அந்த டிராம் பொள்ளாச்சிப் பக்கம் இறங்கியதே இல்லை. பரம்பிக்குளத்துத் தேக்கும் ஈட்டியும் மேற்கே சாலக்குடி ரயில் நிலையத்துக்குத்தான் போயின, சுமார் 80 கிலோமீட்டர். 1907 முதல் 1963 வரை ஓடியது. செங்குத்தான சரிவுகளில் மரம் ஏற்றிய வண்டி இறங்கும்போது, அதன் பாரமே கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டியை மேலே இழுத்துவிடும். அப்பா பார்க்க ஆசைப்பட்டது அந்தச் சரிவுகளைத்தான். அவரைத் தோப்பில் நிறுத்தி ஏமாற்றியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போக நினைப்பவர்கள் காப்பகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பணம் கட்டுங்கள், இல்லையென்றால் ஆனப்பாடியில் உள்ள அவர்கள் அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். வனத்துறை வழிகாட்டி கூட வராமல் அங்கே நடக்க விடமாட்டார்கள். வேறு வழியாக உள்ளே கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் நுழைந்தால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு உங்கள் மேல்தான் வரும். யானை நடமாடும் காடு என்பது வேறு.

இதே ஆளுக்கு முன்பணம் அனுப்பியவர்கள் இருந்தால் இன்றைக்கே 1930 சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் திருப்புகிறேன், திருப்புகிறேன் என்று அவர் சொன்னதை நம்பி ஆறு நாள் கழித்துத்தான் நான் அழைத்தேன். அதற்குள் அந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள்.