பழைய கார் மிஸ்ஸிங்: ஒயரைக் கழற்றிப் பார்ப்பதா, டைமிங் லைட்டா, கம்ப்ரஷன் கேஜா?

பாயிண்ட்டும் (காயிலுக்குப் போகும் கரண்ட்டை வெட்டி ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்ச்) கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள பழைய காரில் மிஸ்ஸிங் வந்தால், அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் என்ஜின் உதறினால், பலரும் முதலில் செய்வது என்ன? பிளக், பாயிண்ட், கண்டன்சர் (பாயிண்ட்டில் பொறி பறக்காமல் தடுப்பது), ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று காயிலின் ஹை டென்ஷன் கரண்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிப்பது), கேப் (பிளக் ஒயர்கள் மாட்டும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி), ஒயர் என்று ஒரு செட் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதுதான். மிஸ்ஸிங் போய்விட்டால் சந்தோஷம், ஆனால் எதனால் வந்தது என்று கடைசிவரை தெரியாது. போகவில்லை என்றால் நிலைமை முன்பைவிட மோசம், ஏனென்றால் இப்போது வண்டியில் இருப்பது ஆறு புதுச் சாமான்கள், அதில் எது கோளாறு என்று யாராலும் சொல்ல முடியாது. புதுசு என்றால் நல்லது என்று நம்பவே கூடாது. மட்டமான ரோட்டர்களில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் வழியாகவே கரண்ட் ஷாஃப்ட்டுக்கு இறங்கிவிடும், கண்டன்சரும் வந்த அன்றே போகும். அதனால் மாற்றுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நம் கையில் இருக்கும் வழிகளில் எது எதற்கு உதவும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது எல்லாவற்றிலும் பழையது, காசு செலவில்லாதது. என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒரு ஒயரைக் கழற்றினால் ஆர்பிஎம் சட்டென்று இறங்கி என்ஜின் குலுங்கும், அப்படியானால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. கழற்றியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அதுதான் செத்த சிலிண்டர். இரண்டே நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். ஆனால் வெறும் கையால் செய்ய வேண்டாம், காப்பு உள்ள கட்டிங் பிளேயர் வேண்டும், கழற்றிய ஒயரின் முனையை என்ஜின் பிளாக்கில் எர்த் ஆக்கிவிட வேண்டும். போக வழியில்லாத ஹை டென்ஷன் கரண்ட், காயிலுக்குள் இருக்கும் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு வழி தேடும். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றிய வண்டி என்றால் என்ஜினை நிறுத்தி, ஒயரை எர்த் செய்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணித்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மாட்யூல் போய்விடும்.

இந்த வழியின் குறை, ஐட்லிங்கில் நிலையாக இருக்கும் மிஸ்ஸிங்கை மட்டுமே இது பிடிக்கும் என்பது. மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் இழுத்து இழுத்துப் போகும் வண்டியில் இதை எத்தனை முறை செய்தாலும் நான்கு சிலிண்டரும் நல்லபடியாகவே தெரியும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால் ஐட்லிங்கில் சமாளிக்கும் பலவீனமான ஸ்பார்க் லோடு ஏறியதும் விட்டுவிடும். கழற்றிய பிளக்கை வெளியே வைத்து ஸ்பார்க் பார்ப்பதை முழுதாக நம்ப முடியாததற்கும் இதே காரணம்தான்.

பிளக்கின் நிறம் பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பசை என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது, வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் வாசத்தோடு நனைந்திருந்தால் அங்கே ஸ்பார்க் இல்லை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் வைத்து முடிவு எடுக்க வேண்டாம். பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டாலே நல்ல பிளக்கும் கறுத்துப் போகும்.

என்னைக் கேட்டால் டைமிங் லைட்தான் முதல் கருவி, கிளிப் மாட்டிய ஒயரில் கரண்ட் போகும்போதெல்லாம் மின்னும் விளக்கு அது. இதைப் பலர் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) வைக்க மட்டும் எடுத்துவிட்டுப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம். கிளிப்பை ஒவ்வொரு பிளக் ஒயரிலும் மாட்டிப் பாருங்கள், வெளிச்சத்தை எதன் மேலும் அடிக்க வேண்டியதில்லை, அது சீராக அடிக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு ஒயரில் மட்டும் விட்டு விட்டு அடித்தால் அந்த ஒயர், கேப்பில் அந்த முனை, அந்த பிளக், இந்த மூன்றுக்குள்தான் கோளாறு. காயிலிலிருந்து கேப்புக்கு வரும் நடு ஒயரிலேயே விட்டு விட்டு அடித்தால் பிளக்கையும் கேப்பையும் விட்டுவிட்டு காயில், பாயிண்ட், கண்டன்சர், அங்கே போகும் ஒயர்கள் பக்கம் போகலாம். எல்லாவற்றிலும் சீராக அடித்துக்கொண்டே மிஸ்ஸிங்கும் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோல், காற்று அல்லது கம்ப்ரஷன். இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: லைட் சொல்வது ஒயரில் கரண்ட் போனதை மட்டும்தான், கரி பிடித்த பிளக்கிலோ விரிசல் விட்ட பீங்கானிலோ கரண்ட் வேறு வழியாக இறங்கினாலும் லைட் அடிக்கும். செவர்லே ஸ்மால் பிளாக் வி8 போன்றவற்றில், 1-8-4-3-6-5-7-2 என்ற எரியும் வரிசையில் 5ம் 7ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவை. அந்த இரண்டு ஒயரும் ஒட்டியே போனால் ஒன்றின் கரண்ட் மற்றதில் தூண்டப்படும், லைட் இரண்டிலும் அழகாக அடிக்கும், வண்டி மட்டும் உதறும். ஒயர்களைப் பிரித்து வைத்தால் சரியாகிவிடும். 6 வோல்ட் வண்டியில் லைட்டுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வேண்டும், அவ்வளவுதான்.

லைட்டின் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு நான்கு சிலிண்டர் காரில். ஐட்லிங் பட்டு மாதிரி இருக்கும், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் இருமும். பிளக், கேப், ரோட்டர், கண்டன்சர் எல்லாம் மாற்றியாகிவிட்டது, கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்தாகிவிட்டது. பிறகுதான் கிளிப்பை நடு ஒயரில் மாட்டி, வேக்யூம் அட்வான்ஸ் (என்ஜின் உறிஞ்சும் வேகத்துக்கு ஏற்ப பாயிண்ட் இருக்கும் தகட்டைத் திருப்பி ஸ்பார்க்கை முன்னதாக வரவைக்கும் அமைப்பு) குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பார்த்தேன். உறிஞ்சும்போதெல்லாம் லைட் விட்டு விட்டு அடித்தது, விட்டதும் சரியானது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டுக்குப் போகும் விரல் நீள ஒயர், மேலே உறை நன்றாகவே இருந்தது, ஆனால் விரலால் மடக்கினால் ஒரு இடத்தில் மட்டும் நூல் மாதிரித் துவண்டது, உள்ளே கம்பி இழைகள் எல்லாம் அறுந்திருந்தன. அட்வான்ஸ் தகட்டைத் திருப்பும்போதெல்லாம் அந்த ஒயர் இழுபட்டுத் தொடர்பு விட்டுப் போயிருக்கிறது. அத்தனை சாமான் மாற்றியபோதும் அந்த ஒயரை மட்டும் யாரும் தொடவில்லை.

சரி, லைட் சீராக இருக்கிறது, ஆனாலும் ஒரு சிலிண்டர் செத்திருக்கிறது. அப்போதுதான் கம்ப்ரஷன் கேஜ், சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்கும் மீட்டர். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா பிளக்கும் வெளியே, காயில் இணைப்பு கழற்றி, த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவு) முழுதாகத் திறந்து ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். த்ராட்டிலைத் திறக்க மறந்தால் எல்லாமே குறைவாகக் காட்டிப் பயமுறுத்தும். எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட சிலிண்டர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம், 10, 15 சதவீதத்துக்குமேல் போனால் சந்தேகப்பட வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டுப் பாருங்கள், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டும் குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும். ஹெட்டைக் கழற்ற முடிவெடுக்கும் முன்னால் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) ஒருமுறை அளந்துவிடுங்கள், இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, கேஜும் குறைவாகவே காட்டும்.

லீக் டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவைப் பார்ப்பது, இதைவிடத் துல்லியமானது, காற்று எங்கே கசிகிறது என்று காதாலேயே கேட்கலாம்: கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். ஆனால் கம்ப்ரசர் வேண்டும், நேரமும் வேண்டும், அதனால் கேஜ் சந்தேகம் கிளப்பிய பிறகு செய்தால் போதும். இவை இரண்டையும்விட வேக்யூம் கேஜை (இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில், உள்ள வெற்றிடத்தை அளப்பது) நான் அதிகம் எடுக்கிறேன், ஒரே ஒரு குழாய் இணைப்புதான். ஐட்லிங்கில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரசத்தில் அசையாமல் நின்றால் பொதுவாக நலம், தாளம் தப்பாமல் ஒரே சீராக விழுந்து எழுந்தால் வால்வு, அசையாமலேயே தாழ்ந்து நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது அல்லது மேனிஃபோல்டில் காற்று புகுகிறது.

ஆக என் வரிசை இதுதான்: ஐட்லிங்கிலேயே மிஸ்ஸிங் என்றால் ஒயர் கழற்றல், லைட், கம்ப்ரஷன் கேஜ். ஓடும்போது மட்டும் என்றால் நேராக லைட். இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு மட்டும் வந்து, ஆறினால் போய்விடும் மிஸ்ஸிங் ஒன்று உண்டு, அங்கே மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் சிறந்தது. காயில் ஆறிய நிலையில் மீட்டரில் ஓம் சரியாகவே காட்டும், கண்டன்சரும் அப்படித்தான். அதற்காகவே வேறு வண்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த, அதே வகைப் பழைய காயில் ஒன்றையும் கண்டன்சர் ஒன்றையும் டிக்கியில் வைத்திருக்கிறேன். மிஸ்ஸிங் வந்த இடத்திலேயே ஓரங்கட்டி, சூடு ஆறுவதற்குள் முதலில் கண்டன்சரை மாற்றி ஓட்டிப் பார்ப்பேன், அடுத்தது காயில், இரண்டையும் ஒன்றாக மாற்ற மாட்டேன்.