ஊட்டிக்கு முதல் மலைப்பயணம்: இந்த பெங்களூரு வாடகைக் கார் கடை எப்படி?

அல்சூர் பக்கம் இருக்கும் இந்தக் கடையில் வண்டிகள் சுத்தம், பேச்சும் நியாயம். வண்டியின் நம்பர் பலகை கறுப்பு, அதில் மஞ்சள் எழுத்து. நாமே ஓட்டிப்போக முறைப்படி பதிவான வாடகை வண்டிதான். வெள்ளைப் பலகை வைத்த சொந்த உபயோக வண்டியை வாடகைக்குத் தருபவர்களிடம் போகாதீர்கள். விபத்து என்றால் காப்பீடு கைவிட்டுவிடும்.

குறை ஸ்டெப்னியில். டயர் பள்ளத்துக்குள் இருக்கும் அடையாள மேடு வரை தேய்ந்திருந்தது. அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர், அந்த மட்டத்துக்கு வந்த டயர் ஈரமான மலைச்சாலையில் வழுக்கும். கேட்டால் மாற்றித் தருகிறார்கள், ஆனால் கேட்க வேண்டும். டிக்கியில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தமிழ்நாட்டு பெர்மிட் கட்டணம் வாடகையில் சேராது. நீலகிரிக்கு இ-பாஸ் முன்பே எடுத்துவிடுங்கள். வழியில் வரும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திரும்பும் நாளில் இதை மறந்தால் காட்டோரம்தான் ராத்தங்கல். மசினகுடி வழியே போனால் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள்; புதியவர்களுக்குக் கூடலூர் வழியே மேல். இறக்கத்தில் இரண்டாம் கியர் போதும். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிக் கருகல் வாடை வரும், பிடிமானம் போகும். உடனே ஓரங்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும்.