தவிலே பிழைப்பா, தவிலோடு ஒரு வேலையா?

அக்கா மகன் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறான். ஒன்பது வயதிலிருந்து தவில் கற்கிறான், கை நன்றாக வந்திருக்கிறது. போன மாதம் ஆடுதுறைக்கு வந்தவன் சாப்பிட்டு எழுந்ததும் கேட்டான்: "மாமா, நான் முழுசா மேளத்துக்கே போயிடவா, இல்ல உங்கள மாதிரி ஒரு வேலையப் பாத்துக்கிட்டு வாசிக்கவா?" பேருந்துக்கு நேரமாவதற்குள் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டதுதான் அதிகம். அதை எழுதி வைக்கிறேன்.

இரண்டு வழியிலும் நான் நடந்திருக்கிறேன். இருபத்திரண்டு வயதிலிருந்து ஆறு வருஷம் தவில் மட்டும்தான். அதற்கப்புறம் ஒன்பது வருஷமாகக் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன், வாசிக்கவும் செய்கிறேன். என்னோடு ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்ட ஒருவர் இன்றுவரை தவிலைத் தவிர வேறெதுவும் தொட்டதில்லை. உறவு கிடையாது, ஆனாலும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இந்த எழுத்தில் ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவர். என் சாய்வு என் வழிக்குத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

பிடித்ததையே செய்தால் காலையில் எழும்போதே உற்சாகம், பிடிக்காத வேலை உடம்பைத் தின்னும், மாதச் சம்பளம் இருந்தால் பெண் கொடுப்பார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவும் உண்மைதான். அவற்றில் நேரத்தைச் செலவழிக்கப் போவதில்லை.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் ரயில் பாதையில் ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிற ஊர். 2022ல் அந்த நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்திலேயே திருவாவடுதுறை, நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை, அரித்துவாரமங்கலம் பழனிவேல். ஊர்ப்பெயரைச் சொன்னாலே ஒரு மனிதர் கண்முன் வந்து நிற்கிற மண் இது. இங்கே பிறந்து விரல்களில் தவில் வாசிக்கும் கூடு மாட்டிய பையனிடம், "இதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்" என்று சொன்னால் அவனுக்கு அடித்தது போல இருக்கும். எனக்கும் இருந்தது.

அவன் கேட்ட அடுத்த கேள்வியும் அதுதான். "அந்தப் பெரியவங்க எல்லாம் கடையில கணக்கா எழுதுனாங்க?"

எழுதவில்லை. வேறு வேலை அவர்களுக்கு இல்லை. ஆனால் வேறு வருமானம் அந்தத் தொழிலோடு சேர்ந்தே இருந்தது. கோயில் ஊழியத்துக்கு மானிய நிலம் இருந்தது. ஆதீனங்களும் பண்ணைகளும் இருந்தன. ராஜரத்தினம் பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான். கச்சேரி இல்லாத மாதத்திலும் மேளக்காரர் வீட்டுப் பத்தாயத்தில் நெல் கிடந்தது. அந்த நெல் நின்றுபோன பிறகு, தொழில் மட்டும் அப்படியே நம் கைக்கு வந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, "அவர்கள் ஆசைப்பட்டதையே செய்து வாழ்ந்தார்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்வது சரியில்லை.

மேளத் தொழிலின் நாட்காட்டியைப் பார்த்தால் இது விளங்கும். தை, மாசி, வைகாசி, ஆவணியில் முகூர்த்தம் நெருக்கியடிக்கும். ஒரே நாளில் மூன்று இடத்திலிருந்து அழைப்பு வரும். ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. மார்கழியிலும் இல்லை. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்களும், மார்கழியில் விடியற்காலைத் திருப்பள்ளியெழுச்சியும் உண்டுதான். மனசுக்கு நிறைவான வாசிப்பு. ஆனால் ஒரு மாதக் குடும்பச் செலவை அது தாங்காது.

வருஷக் கணக்கு போட்டால் முழுநேர வாசிப்பு மோசமில்லை. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் என்று என் பங்கு வந்த காலத்தில், நல்ல வைகாசியில் மட்டும் இன்றைய என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். அதனால் "கலையில் காசில்லை" என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். காசு இருக்கிறது. அது வருகிற நாளில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புரட்டாசி பிறக்கும்போது கையில் இருந்தது தீர்ந்துவிடும். ஐப்பசி, தை மாதக் கல்யாணங்களுக்கு அச்சாரம் கொடுக்க ஆள் வருவார்கள். யார் வந்தாலும் வாங்கிவிடுவேன். எந்த நாயனக்காரரோடு, அதாவது நாகசுரக்காரரோடு ஜோடி, என்ன வாசிப்பு, எத்தனை மணி நேரம் என்று எதையும் கேட்பதில்லை. அந்த அச்சாரம் மளிகைக்கும் பாலுக்கும் போய்விடும். தை வந்ததும், முன்பே சாப்பிட்டு முடித்த காசுக்காக வாசிக்கப் போவேன். ராகம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகாது, "ஒரு சினிமாப் பாட்டு போடுங்க" என்று ஆள் வரும். முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் அதேதான். ஒரு தாளக் கோர்வையைக் கட்டி முடிப்பதற்குள் கெட்டிமேளத்துக்குக் கை காட்டிவிடுவார்கள். அது அவர்கள் வீட்டுக் கல்யாணம், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. மறுக்க எனக்கு வழியில்லை என்பதுதான் என் பிரச்சினை.

தைப்பூசத்துக்குத் திருவிடைமருதூரில் பெரிய உற்சவம், காவிரியில் தீர்த்தவாரி. ஒரு வருஷம் அந்தச் சமயத்தில் எங்கள் வாத்தியார் தன்னோடு வாசிக்க என்னைக் கூப்பிட்டார். சாமி புறப்பாட்டில் மல்லாரிக்கு அவர் பக்கத்தில் நின்று வாசிப்பது, பதினொரு வயதில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தது. அதே தேதிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் அச்சாரம் வாங்கியிருந்தேன். திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லை. போக முடியவில்லை. வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது.

தவிலுக்காக எல்லாவற்றையும் விட்டவன், தவில் என்னை அழைத்த ஒரே நாளில் போகவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆசைப்பட்டதைப் பிழைப்பாக்கிக்கொண்டால் முதலில் பறிபோவது, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை. அது போனபின் நாம் செய்வது நமக்குப் பிடித்ததாக இருக்காது, ஊருக்குப் பிடித்ததாக இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் தோளில் தொங்குவது அதே தவில்.

பாத்திரக் கடைச் சம்பளம் எனக்கு வாங்கிக் கொடுத்தது அந்த உரிமையைத்தான். ஆடியிலும் அதே சம்பளம், தையிலும் அதே சம்பளம். புரட்டாசியில் அச்சாரத்தோடு யாராவது வந்தால், "யார் நாயனம்?" என்று இப்போது கேட்கிறேன். பதில் பிடிக்கவில்லை என்றால் வேறொருவர் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். வருஷத்துக்கு இருபது, இருபத்தைந்து இடம்தான் வாசிக்கிறேன். முன்பு வாசித்ததில் கால்பங்குகூட இராது. ஆனால் அந்த இருபத்தைந்தும் என் மனசறிந்து போனவை. பழைய மானிய நெல் செய்த வேலையைத்தான் இந்தச் சம்பளம் செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். அதனால் கணக்கு எழுதுவதில் எனக்கு ஒரு குறையும் தோன்றுவதில்லை.

வேலையைத் தேர்ந்தெடுப்பதிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. முகூர்த்த காலம் மேளத்துக்கு மட்டும் காலம் அல்ல, பாத்திரக் கடைக்கும் அதுதான். சீர்வரிசை வாங்க வருகிற கூட்டத்தில் குத்துவிளக்கும் குடமும் எடுத்துக் கொடுத்து ஓயாது. முதல் வருஷம் நான் திண்டாடிப் போனேன். அப்புறம் முதலாளியிடம் உட்கார்ந்து பேசினேன். சீர் வாங்குகிறவர்கள் முகூர்த்தத்துக்கு முன்பே வாங்கி முடித்துவிடுவார்கள், முகூர்த்தத்தன்று காலையில் கடை காலி. அதனால் அன்றைக்குப் பதினோரு மணிக்கு வருகிறேன், அதற்கு முந்தின வாரம் ராத்திரி ஒன்பது வரை இருக்கிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார். நேரத்தைப் பற்றி இப்படிப் பேச முடியாத இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் தவில் பரணுக்குப் போயிருக்கும். ஷிப்ட் முறையில் ஓடுகிற வேலைக்குப் போன இரண்டு பேருக்கு அப்படித்தான் ஆனது. சம்பளம் எவ்வளவு என்பதைவிட, விடியற்காலை யாருடையது என்று பார்த்துச் சேர வேண்டும்.

இனி என் வழியில் இழந்ததையும் சொல்ல வேண்டும். அண்ணன் கை வேறு, என் கை வேறு. ஒரே பாடம், ஒரே வாத்தியார். பதினைந்து வருஷத்துக்கு முன் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்று அவர் தனி வாசிக்கும்போது வலது கையில் விழுகிற தாளச் சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தேங்காய் உடைத்தது போலத் தெளிவாகக் கேட்கும். நான் அதே கோர்வையை வாசித்தால் வேகத்தில் இரண்டு சொல் ஒட்டிக்கொள்ளும். தவில் அப்படிப்பட்ட வாத்தியம். நாலு நாள் கூடு மாட்டாவிட்டால் விரல் மென்மையாகிவிடும். பூவரசங்கழி பிடிக்கிற இடது கையில் கனம் குறையும். காலை நாலரைக்கு எழுந்து, தெரு தூங்குகிற நேரம் என்பதால் பலகையில் தட்டி ஒன்றரை மணி நேரம் சாதகம் செய்கிறேன். அவர் பகலில் நாலு மணி நேரம் தோலிலேயே செய்கிறார். அந்த இடைவெளியை எந்த உறுதியாலும் மூட முடியாது. மழைக்காலத்தில் தோல் தொய்ந்து ஓசை இறங்கும்போது அதைச் சரிப்படுத்துகிற நுணுக்கத்தில்கூட அவர் எனக்கு வெகுதூரம் முன்னால் போய்விட்டார். பெரிய நாயனக்காரர்கள் அவரைத் தேடி வருகிறார்கள், என்னைத் தேடி வருவதில்லை. இது எனக்கு வலிக்காது என்று சொன்னால் பொய்.

அவர் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். கல்யாணத்துக்கு ஐம்பது பேர், கோயில்கள் பூட்டு. சித்திரை, வைகாசி இரண்டும் அப்படியே கரைந்தன. வைகாசிதான் வருஷத்தின் பெரிய வரவு மாதங்களில் ஒன்று. எனக்குக் கடை மூடியிருந்தபோதும் பாதிச் சம்பளம் வந்தது. அவர் வீட்டில் அண்ணியின் வளையல் அடகுக்குப் போனது. அது திரும்பி வர மூன்று தை ஆனது. இப்போது கோயில் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் கேரளத்துச் செண்டை மேளம் வேறு வந்து நிற்கிறது. அண்ணன் அதைப் பற்றிப் புலம்ப மாட்டார், போன் வராத நாளில் தவிலைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அறநிலையத் துறைக் கோயில்களில் தவில், நாகசுரக் கலைஞர் பணியிடங்கள் இருக்கின்றன. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கினால் அதற்கு விண்ணப்பிக்க உதவும். திருவாரூரிலும் சீர்காழியிலும் பள்ளி இருக்கிறது. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரியும் இருக்கிறது. சம்பளமும் வாசிப்பும் ஒரே இடத்தில் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. பணியிடம் குறைவு, காத்திருப்பு அதிகம். நான் அந்த வழியில் போனதில்லை, அதனால் உள்ளே வேலை எப்படி என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இன்னொன்றிலும் எனக்கு அனுபவம் கிடையாது. என்னுடையது தவில், வருஷத்தில் பல மாதம் காய்கிற தொழில். போட்டோ எடுப்பதோ, சமையலோ, கம்ப்யூட்டரில் படம் வரைவதோ பிடித்த பிள்ளைக்கு அப்படி வரவு வறண்டுபோகிற மாதங்கள் இல்லாமலே இருக்கலாம். அங்கே முழுநேரம் இறங்குவதுதான் சரி என்றும் ஆகலாம். மாமனார் வீட்டில் ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறவனுக்கும் என் கணக்கு பொருந்தாது.

அக்கா மகன் வீட்டில் நிலம் இல்லை. அக்கா வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். அதனால் அவனுக்கு நான் சொன்னது: இசைப்பள்ளியில் சேர், கூடவே அஞ்சல் வழியில் பி.காம். போடு, அண்ணனிடம் வாரம் ஒருநாள் போய் உட்கார். மூன்று வருஷம் கழித்தும் அண்ணன் கை உனக்கு வந்திருந்தால், அப்போது என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. அண்ணனிடமும் கேட்கச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்று போனில் விசாரித்தேன். "டிகிரிய முடிச்சுட்டு வாடான்னாரு மாமா. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் விடல, பாடம் நடந்துச்சு" என்றான்.

வருகிற தைக்கு இதுவரை ஆறு இடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தின நாளும் அன்றைக்கும் டைரியில் காலியாக இருக்கின்றன. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வாத்தியாரால் இப்போது வாசிக்க முடியாது, ஆனாலும் திருவிடைமருதூருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரை நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும். அண்ணன் வலது பக்கம், நான் இடது பக்கம்.