சான்டா கிளாராவா, சன்னிவேலா: மின்கட்டணத்தை வைத்து ஒரு வீட்டுக் கணக்கு

வீடு தேடி அலைந்ததில் கடைசியாக எங்கள் கையில் நின்றவை இரண்டு: ஒன்று கலிஃபோர்னியாவின் சன்னிவேலில், மற்றொன்று அதை ஒட்டிய சான்டா கிளாராவில். அலுவலகத் தூரம், இட்லி மாவு வாங்கும் கடை, வார இறுதி நெரிசல் எல்லாம் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நாங்கள் சான்டா கிளாராவை எடுத்தோம். அதற்கு மின்கட்டணமே பெரிய காரணம் என்றால் நண்பர்கள் இன்னமும் நம்புவதில்லை.

சன்னிவேலில் மின்கம்பிகள் பி.ஜி. அண்டு இ என்ற தனியார் நிறுவனத்துடையவை. சான்டா கிளாராவில் கம்பி, துணைமின் நிலையம், பில் அனைத்தும் நகரத்துக்கே சொந்தமான சிலிக்கான் வேலி பவர் என்ற அமைப்பின் பொறுப்பு. 1896 முதல் அந்நகரம் தன் மின்சாரத்தைத் தானே விநியோகித்து வருகிறது. நாங்கள் கணக்குப் போட்டபோது வீட்டு மின்சாரம் சன்னிவேலில் யூனிட்டுக்குச் சுமார் 40 சென்ட் என்றால் சான்டா கிளாராவில் 18 சென்ட்டை ஒட்டி இருந்தது. மின்சாரக் காரும் சேர்ந்து மாதம் 600 யூனிட் ஓடும் எங்கள் வீட்டுக்கு, 240 டாலர் ஆக வேண்டியது 108 டாலரில் முடிந்தது.

ஆனால் அன்றைய விலையைவிட, அதை உயர்த்துவது யார், எதற்காக என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. 2024 ஜனவரியில் இரண்டு ஊரிலும் கட்டணம் ஏறியது: இங்கே நகர மன்றம் 10 சதவீதம் உயர்த்தியது; அங்கே மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலோடு சுமார் 13 சதவீதம் உயர்ந்தது. சதவீதத்தில் பக்கத்தில் நின்றாலும், நூறு டாலர் பில்லில் பத்து டாலர் கூடுவதும், இருநூறைத் தாண்டிய பில்லில் முப்பதை நெருங்குவதும் ஒன்றல்ல. காரணங்களும் வேறு. இங்கே மின்சாரத்தை வாங்கும் செலவும், அதை ஊருக்குக் கொண்டுவரும் செலவும். அங்கே அவற்றோடு காட்டுத்தீயின் சுமையும் சேர்கிறது. 2018-இல் பி.ஜி. அண்டு இ-யின் கம்பியிலிருந்து மூண்டு பாரடைஸ் நகரை அழித்த தீக்குப் பிறகு, 2019 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரிய அந்நிறுவனம், மலைக்காடுகளில் மரம் வெட்டுவதற்கும் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைப்பதற்கும் செய்யும் செலவை, 70,000 சதுர மைலில் பரந்த வாடிக்கையாளர் அனைவரிடமும் வசூலிக்கிறது. காட்டையே காணாத சன்னிவேல்காரரும் அதில் பங்கு கட்டுகிறார். இருபது சதுர மைலுக்குள் அடங்கும் சான்டா கிளாராவுக்கு உள்ளூர் விநியோகத்தில் அந்தத் தலைவலி இல்லை.

அந்த ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களும் ஆளுநர் நியமிப்பவர்கள். இங்கோ மேயரையும் சேர்த்து ஏழு பேரும் நாங்கள் வாக்களித்து அனுப்பியவர்கள்; பேச விரும்புவதாகச் சொல்லிவிட்டு மன்றக் கூட்டத்தில் பொறுமையாக அமர்ந்திருந்தால், நமக்கும் மைக் முன்னால் சில நிமிடம் கிடைக்கும். பேசியதால் கட்டணம் குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்க நான்கு தெரு தள்ளி ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவே.

இந்த ஏற்பாட்டில் ஒரு முள்ளும் உண்டு. மின்வருவாயில் 5 சதவீதம் வரை நகரத்தின் பொது நிதிக்குப் போகிறது. 2022-இல் வாக்காளர்களே அதைத் தொடரச் சொன்னார்கள். ஆக, கட்டணத்தை நிர்ணயிக்கும் மன்றத்துக்கே கட்டணம் உயர்வதில் ஆதாயம் இருக்கிறது. மேலும், ஊரின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தரவு மையங்கள் குடிக்கின்றன. இரவு பகல் பாராமல் வாங்கும் அந்தப் பெரிய வாடிக்கையாளர்களால் இதுவரை நமக்கு நன்மைதான். அவர்களுக்காகப் புதிதாகப் போடும் கம்பிகளின் கடன் நாளை யார் தலையில் விழும் என்ற கவலை எனக்கு உண்டு.

சோலார் நான் போட்டதில்லை என்பதால் அதைப் பற்றி உறுதியாகப் பேசுவதற்கில்லை. மிஞ்சும் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முழு விலையையும் பில்லில் கழித்துத் தரும், 2023 ஏப்ரலுக்கு முந்தைய திட்டத்தில் சேர்ந்த சோலார் கூரையோடு சன்னிவேலில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தால், என் கணக்கு தலைகீழாகவும் கூடும்.

எரிவாயு மட்டும் இரண்டு ஊருக்கும் பி.ஜி. அண்டு இ தான். ஹீட்டர் ஓடும் ஜனவரியில் அவர்களுடைய பில்லும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறது. வெந்நீர்க் கொதிகலன் பழுதானால் அடுத்தது மின்சாரத்தில் ஓடுவதாகவே வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம்.