மாசி மழைக்கு எந்த வானிலை அறிக்கைய நம்பலாம்: டெல்டாவுலேர்ந்து ஒரு ரிவ்யூ

மன்னார்குடி பக்கம் நமக்கு தாளடி, அதாவது குறுவைக்கு அப்புறம் போடுற ரெண்டாவது நெல்லு, அறுத்ததும் உளுந்து. மாசி பொறந்துட்டா தினமும் மூணு நாலு தடவை வானிலை பாக்காம இருக்க முடியாது, நெல்லு களத்துல கெடக்கும், உளுந்து வயல்ல கெடக்கும், ரெண்டுக்குமே அந்த நேரத்து மழை ஆகாது. ரெண்டு வருஷமா நான் பாக்குறது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தோட தினசரி தமிழ் அறிக்கை, விவசாயிகளுக்கான மேகதூத் ஆப், அப்புறம் காரைக்கால் ரேடார் படம். மூணும் இலவசம், மூணும் எனக்கு பிரயோஜனமா இருக்கு, அதனாலதான் எழுதுறேன்.

இதுக்கு முன்னாடி எல்லாரையும் மாதிரி போன்லயே வர்ற ஒரு ஆப்பதான் பாத்துக்கிட்டு இருந்தேன், பேரு வேண்டாம். ஒருநாள் முழுசா சூரியன் படம் போட்டுருந்துச்சு, அத நம்பி ரோட்டோரமா நெல்ல பரப்பி காலால கிண்டி விட்டுட்டு சாப்புட வீட்டுக்கு வந்துட்டேன். ரெண்டு மணி வாக்குல கெழக்கால இருட்டுச்சு, தார்ப்பாய தூக்கிட்டு ஓடுறதுக்குள்ள இருவது நிமிஷம் கொட்டித் தீத்துட்டு போயிடுச்சு. முன்னாடி நாள் வாயில போட்டு கடிச்சா டக்குன்னு ஒடைஞ்ச நெல்லு, மறுநாள் கடிச்சா பல்லுல நசுங்குது. டிபிசில, அதான் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருந்தாதான எடுப்பாங்க, நாலு நாள் திரும்ப காயப்போட்டு, கூலி, தார்ப்பாய் வாடகைன்னு எல்லாம் கைய விட்டு போச்சு. மழை பெஞ்ச அன்னைக்கு ராத்திரிதான் வானிலை மைய அறிக்கைய எடுத்து பாத்தேன், "கிழக்கு திசை காற்றின் வேக மாறுபாடு காரணமாக டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை"ன்னு தெளிவா இருந்துச்சு. படிச்சிருந்தா நெல்ல பரப்பியிருக்கவே மாட்டேன்.

அந்த "ஓரிரு இடங்களில்" சும்மா சொல்ற வார்த்தை இல்லைங்க, அதுக்கு கணக்கு இருக்கு, இது எனக்கே ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. ஒரு பகுதியில இருக்குற மழைமானி நிலையங்கள்ல 25 சதவீதம் வரைக்கும் மழை பதிவானா ஓரிரு இடம், 50 வரைக்கும் ஒருசில இடம், 75 வரைக்கும் பல இடம், அதுக்கு மேல போனா பெரும்பாலான இடம். அதேபோல மிதமான மழைன்னா 24 மணி நேரத்துல 15.6லேர்ந்து 64.4 மி.மீ, 64.5 தாண்டுனாத்தான் கனமழை. "லேசானது முதல் மிதமான"ன்னு படிக்கிறப்ப மிதமானதுதானேன்னு விட்டுடாதீங்க, களத்துல கெடக்குற நெல்லுக்கு 15 மி.மீட்டரே அதிகம். இன்னொன்னு, வானிலை மையத்தோட 24 மணி நேர மழைக்கணக்கு காலைல 8.30லேர்ந்து மறுநாள் காலைல 8.30 வரைக்கும்.

மாசில மழையே வராதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, பெரும்பாலான வருஷம் அது சரிதான், அறிக்கையில "வறண்ட வானிலை நிலவக்கூடும், அதிகாலையில் லேசான பனிமூட்டம்"னு மட்டும்தான் வரும். அந்த பனிமூட்டத்தையும் கவனிங்க, பனி எறங்கி கதிர் நனைஞ்சு கெடந்தா வெயில் ஏறி காயிற வரைக்கும் அறுவடை மிஷின வயல்ல எறக்க முடியாது, மிஷின் காரர்கிட்ட நேரம் பேசுறப்ப அது முக்கியம். ஆனா மாசிக்கு கொஞ்சம் முன்னாடி, 2023 பிப்ரவரி ஆரம்பத்துல, தாழ்வு மண்டலம் இலங்கைய கடந்தப்ப டெல்டால அறுக்க வேண்டிய நெல்லு அப்படியே சாஞ்சு தண்ணில கெடந்துச்சே, ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அரசு நிவாரணம் அறிவிக்கிற அளவுக்கு. அதுக்கு முந்தின வருஷம் மார்ச் மாசமே வங்கக்கடல்ல ஆழ்ந்த காற்றழுத்த தாழ்வு மண்டலம் வந்துச்சு. அதனால மாசிதானேன்னு அசந்து இருக்கக் கூடாது.

மேகதூத் 2019ல வந்தது, தமிழ்லயே இருக்கு. மாவட்டத்துக்கு அடுத்த 5 நாள் மழை, வெப்பம், காத்து வேகம், ஈரப்பதம் நம்பரா வரும், செவ்வாயும் வெள்ளியும் பயிருக்கு என்ன செய்யணும்னு ஆலோசனை வரும். குறைன்னா மாவட்டம்ங்குறது பெருசு, எங்க திருவாரூர் மாவட்டத்துலயே முத்துப்பேட்டைல பெய்யிற மழை நீடாமங்கலத்துல பெய்யணும்னு இல்ல. அந்த எடத்துலதான் ரேடார் கை கொடுக்குது. காரைக்கால் படத்த கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா திறந்து பாத்தீங்கன்னா கடல்லேர்ந்து மேகம் எந்தப் பக்கம் நகருதுன்னு கண்ணாலயே தெரியும், வேதாரண்யத்துக்கு கெழக்க கலர் தெரிஞ்சு மேற்க வந்துகிட்டு இருந்தா நமக்கு நெல்ல அள்ள நேரம் கெடைக்கும். போன வருஷம் அப்படித்தான் பாத்துட்டு தம்பிக்கு போன் போட்டேன், எங்க சித்தப்பா களத்துலயும் சேத்து குவிச்சு மூடிட்டோம், முக்கா மணி நேரம் கழிச்சுதான் தூறல் விழுந்துச்சு. சித்தப்பா அப்பலேர்ந்து "ரேடாரு என்ன சொல்லுதுடா"ன்னு கேக்காத நாள் இல்ல.

டவர் சரியா இல்லாத எடத்துல ரேடார் படம் திறக்க நேரமாகும், அங்கெல்லாம் காலைலயே அறிக்கைய பாத்து வச்சுக்குங்க. அஞ்சு நாளுக்கு மேல 10 நாள், 15 நாள்னு வேற எங்க போட்டாலும் நான் அத வச்சு மிஷின் புக் பண்றதில்ல.

இந்த வருஷம் அறுவடை தை கடைசிலயே முடிஞ்சுது, உளுந்து இப்ப பூ எடுக்குது. 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்கணும், சாயங்காலம் அடிச்சா ராத்திரி மழை கழுவாம இருக்கணும், காத்தும் வேகமா இருக்கக் கூடாது. டிஏபிய வாங்கி வச்சுட்டேன், வெள்ளிக்கிழமை ஆலோசனை வந்ததும் காத்து வேகத்த பாத்துட்டு நாளு குறிக்கணும்.