பஞ்சு குடோனில் ஸ்போர்ட்ஸ் கார்: சூலூர் பக்கத்துக் காப்பகம் ஒன்றைப் பற்றி

கோயம்புத்தூரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓட்டுவதற்கு இடமில்லை என்ற குறையே கிடையாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, கோத்தகிரிச் சாலை இருக்கிறது, வேகமாக ஓட்டியே தீர வேண்டும் என்பவர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட கார் ஓடும் நேரத்தைக் காட்டிலும் நிற்கும் நேரமே பல மடங்கு அதிகம் என்பதையும், கெடுவதெல்லாம் பெரும்பாலும் நிற்கும்போதுதான் என்பதையும் வாங்கும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை. துணிக்கூரையைத் திறந்து மூடக்கூடிய என்னுடைய போர்ஷே 718 பாக்ஸ்டரை, சூலூர் பக்கம் மூடிக் கிடந்த நூற்பாலை ஒன்றின் பஞ்சு குடோனில் இயங்கும் கார் காப்பகத்தில் கடந்த ஆடிக்கு முன்பிருந்து நிறுத்தி வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். உள்ளே நிற்கும் வண்டிகளின் விலையைக் கருதி, பெயரையும் இடத்தையும் வெளியிட வேண்டாம் என்று நடத்துபவர்கள் எல்லா வாடிக்கையாளர்களிடமும் கேட்டுக்கொள்கிறார்கள். அது நியாயமான வேண்டுகோள் என்பதால் அதற்குக் கட்டுப்படுகிறேன்.

முதலில் கட்டடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பாதி வேலையை அதுவே செய்துவிடுகிறது. நூற்பாலையின் உள்ளே நூல் அறுந்துவிடாமல் இருக்க ஈரப்பதத்தைச் செயற்கையாக ஏற்றிவைப்பார்கள். பஞ்சு குடோன் அதற்கு நேர் எதிரானது. ஈரம் பட்டால் பஞ்சு கெட்டுவிடும், தீப்பொறி பட்டால் ஒரு பேலும் (பஞ்சுப் பொதியும்) மிஞ்சாது என்பதால், மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி, கனமான சுவரும் உயரத்தில் சிறு சாளரங்களுமாக இதைக் கட்டியிருக்கிறார்கள். வெயில் நேராக எங்குமே விழுவதில்லை. லாரியிலிருந்து பேல்களை நேரே உருட்டி இறக்குவதற்காகத் தளம் இடுப்புயரத்துக்கு மேடாக இருந்தது. காரை ஏற்ற இப்போது ஒரு சாய்தளம் போட்டிருக்கிறார்கள். முதல்முறை போனபோது அந்தச் சாய்தளத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்ஸ்டர் போன்ற தாழ்ந்த வண்டியின் முன்பக்க உதடு எங்கே இடிக்குமோ அங்கே, அதாவது ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும், சரிவை இன்னும் படுக்கவைத்து நீட்டியிருந்தார்கள். இதை யோசித்துச் செய்தவர்களிடம் வண்டியை விடலாம் என்று அப்போதே தோன்றியது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வரும் மாதங்களில் இங்கே தூசிதான் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம்தான் பிரச்சினை. குடோனின் மூன்று மூலைகளில் ஈரப்பதமானிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அளவு 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களை ஓடவிட்டு 50 பக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இதற்கும் கீழே இறக்குவது தோல் இருக்கைகளுக்கு நல்லதல்ல என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது பேட்டரி. பூட்டி நிறுத்திய நவீன காரிலும் அலாரம், சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் கருவி, கணினிகள் என்று சில பாகங்கள் விழித்தபடியே இருக்கும். இவையெல்லாம் சேர்ந்து 40 மில்லிஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-ஹவர் போய்விடும். 70 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரே மாதத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிடும் என்பதை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்படிக் குறைந்த நிலையிலேயே ஈய-அமில பேட்டரி கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பாக்ஸ்டரில் இன்னொரு தலைவலியும் உண்டு. பேட்டரி இருப்பது முன்பக்கப் பெட்டிக்குள். அந்த மூடியைத் திறப்பதோ மின்சாரத்தால். பேட்டரி இறந்துவிட்டால் பேட்டரியை எடுப்பதற்கான மூடியே திறக்காது. இதற்கு முன் நகருக்குள் நான் வண்டியை விட்டிருந்த ஒரு தரைக்கீழ் நிறுத்தகத்தில் இதுதான் நடந்தது. அங்கிருந்தவர்களுக்குத் திறக்கும் வழி தெரியவில்லை. நெம்பித் திறக்கலாமா என்று என்னிடமே கேட்டார்கள்! கால் வைக்கும் இடத்திலுள்ள ஃப்யூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனை இருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த பேட்டரியின் பாசிட்டிவை அதிலும், நெகட்டிவைக் கதவுத் தூணில் பூட்டு மாட்டும் கொக்கியிலும் கொடுத்தால் மூடி திறக்கும். சூலூரில் இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு காருக்கும் பேட்டரி எங்கே, அது இறந்தால் எப்படித் திறப்பது என்று எழுதிய அட்டை ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வண்டி நிற்கும் இடந்தோறும் ஒரு பராமரிப்புச் சார்ஜர் உண்டு. சாதாரண சார்ஜரைப் போல ஓயாமல் ஏற்றிக்கொண்டே இராமல், நிறைந்ததும் 13.6 வோல்ட் அளவில் தாங்கிப் பிடித்துக்கொள்ளும் வகை அது. மின்வெட்டு வந்து போனால் தானாகவே மீண்டும் தொடங்கும் மாதிரிகளாகப் பார்த்து வாங்கியிருப்பதும் நம் ஊருக்குத் தேவையான முன்யோசனைதான்.

நான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணம் அவர்கள் செய்யாத ஒன்று. நிற்கும் காரை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே உறுமவிட்டு அணைப்பது நம் வீட்டு ஓட்டுநர்களின் நெடுநாள் வழக்கம். அதைச் சேவை என்று சொல்லிக் காசு வாங்கும் இடங்களும் உண்டு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் அணைந்தால் அந்த ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமும் அந்தப் பத்து நிமிடத்தில் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது. இங்கே வண்டிகளைக் கவனிப்பவர் அதே ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். “மாதம் ஒருமுறையாவது ஸ்டார்ட் செய்வீர்களா?” என்று சோதிப்பதற்காகவே கேட்டேன். “எடுத்தா முக்கா மணி நேரம் ரோட்டுல ஓட்டோணுங்க. இல்லீன்னா தொடாம விடறதே தேவலைங்க” என்றார். உரிமையாளர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் மாதம் ஒருமுறை புறவழிச்சாலையில் ஆயில் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிக் கொண்டுவருகிறார்கள். கிளம்பிய நேரம், வந்த நேரம், ஓடிய தூரம், ஆயில் வெப்பம் எல்லாம் நோட்டில் பதிவாகின்றன. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே பேனாவில் ஒரே மூச்சில் பின்னால் நிரப்பிய நோட்டு அல்ல.

டயர்களில் காற்றை 40 பி.எஸ்.ஐ. வரை கூட்டி நிறுத்துகிறார்கள். ஒரே இடத்தில் பாரம் அழுந்தி டயர் தட்டையாவதை இது குறைக்கும். அப்படிக் கூட்டிய காற்றோடு மலையேறினால் பிடிமானம் கெடும் என்பதால், ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுகிறார்கள்: “காற்று 40. குறைத்த பின் எடுக்கவும்.” அந்த அட்டையைக் கழற்றாமல் ஸ்டியரிங்கை வசதியாகப் பிடிக்க முடியாது என்பது அதன் சிறப்பு. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் வரும்போதே குறித்துக்கொள்கிறார்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். வாரக்கடைசிக் கார்களின் டயர்கள் தேய்ந்து போவதில்லை, வயதாகித்தான் போகின்றன. கைபிரேக் போடுவதில்லை, சக்கரத்துக்கு முட்டுக்கட்டைதான். கழுவிய வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி பிரேக் தட்டுகளை உலர்த்திய பிறகே உள்ளே விடுகிறார்கள். பிரேக் ஆயில் இரண்டாண்டைத் தாண்டியிருந்தால் நினைவூட்டுகிறார்கள். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காடு ஆகிவிட்ட நிலையில், ஈரக்காற்றுக்கு இடமில்லாதபடி டேங்கை நிரப்பி நிறுத்தச் சொல்கிறார்கள்.

உறை விஷயத்தில் இது கொங்கு நாட்டுக் காப்பகம் என்பது தெரிந்துவிடுகிறது. கடையில் விற்கும் ரெக்சின் உறைகளையும் தார்ப்பாய்களையும் வாசலிலேயே மறுத்துவிடுகிறார்கள்; அவை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். திருப்பூரில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன் துணியை எடுத்து, ஒவ்வொரு காருக்கும் அளவெடுத்துத் தைத்து வாங்குகிறார்கள். உட்புறம் பிரஷ் செய்த ஃபிலீஸ், நீளும் துணி, ஜிப் கிடையாது, தையலின் மடிப்பு முழுவதும் வெளிப்பக்கம். கண்ணாடிகளுக்குத் தனியாகப் பை தைத்திருக்கிறார்கள். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தால் குழந்தைக்குப் போடும் குளிர்காலச் சட்டை போலிருக்கிறது. கறுப்புப் பெயின்டில் இத்தனை மாதங்களில் ஒரு கோடும் விழவில்லை. வெளியில் நிற்கும் வண்டிக்கு இந்த உறை உதவாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது, படபடக்கும் துணியின் அடியில் சிக்கிய மண் உப்புத்தாளாகத் தேய்த்துவிடும்.

எலிக்குப் பொறி வைக்கிறார்கள், மருந்து வைப்பதில்லை. மருந்து தின்ற எலி ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மயில் பற்றி வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். சூலூர், பல்லடம் பக்கத்துக் காடு கரைகளில் மயில் நம்மைவிடச் சுதந்திரமாக உலவுகிறது. பளபளக்கும் கதவில் தன் உருவத்தைக் கண்ட ஆண்மயில், வேறொரு மயில் என்று நினைத்துக் கொத்தும். முன்வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கணக்கு முடிக்க உள்ளே போனால், ஒரு பையன் உறையோடு ஓடி வருவது அதனால்தான்.

குறைகளுக்கு வருகிறேன். வாரக்கடைசிக் கார்களுக்கான இடம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறது. வால்பாறை போக நினைப்பவன் ஒன்பது மணிக்கு ஆழியாறைத் தாண்டியிருக்க வேண்டும். இங்கே திறந்த பிறகு கிளம்பிப் போவதற்குள் சுற்றுலா வேன்கள் மேலேறிவிடும். முந்தின நாள் மாலையே வண்டியை எடுத்து வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வீட்டில் நிறுத்த நல்ல இடம் இருந்தால் இங்கே ஏன் வருகிறேன்? இரண்டாவது குறை ஒப்பந்தம். நான் கையெழுத்திட்ட படிவத்தில், காப்பகத்தில் இருக்கும்போது நேரும் எந்தச் சேதத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரி இருந்தது. நம் சொந்தக் காப்பீடு ஒருபுறம் இருந்தாலும், அவர்களுடைய ஆள் சாலையில் ஓட்டும்போது ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். அதுவரை மாதாந்திர ஓட்டத்தை என் வண்டிக்கு நிறுத்திவைத்து, நானே போய் ஓட்டி வருகிறேன். மூன்றாவது, துணிக்கூரை வண்டிகளைப் பற்றிய அறிவு சற்றுக் குறைவு. பாக்ஸ்டரின் கூரை ஓரத்தில் மழைநீர் வடியும் துளைகள் உண்டு. அவற்றில் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே இறங்கும். வண்டி வந்தவுடன் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் அது இல்லை. நான் சொன்ன பிறகு சேர்த்தார்கள்.

கட்டணம் மாதம் 9,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி, உறைக்கு ஒருமுறை 6,500 ரூபாய். வீட்டில் பூட்டிய ஷெட்டும் ஒரு பிளக் பாயிண்டும் இருப்பவர்கள் இதற்கு வர வேண்டியதில்லை. நல்ல பராமரிப்புச் சார்ஜர் ஒன்றும் திருப்பூர் உறை ஒன்றும் வாங்கிக்கொண்டால் போதும். அடுக்ககத்தில் குடியிருப்பவர்களுக்கும், மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், கூரை திறக்கும் வண்டியைத் திறந்தவெளியில் விட மனமில்லாதவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். தை மாதத்திலிருந்து ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் காவலாளியிடம் சாவி பெறும் ஏற்பாட்டைச் செய்வதாகவும், பொறுப்பு பற்றிய அந்த வரியை வழக்கறிஞரிடம் காட்டித் திருத்துவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஓராண்டுக்கு முன்பணம் கட்டினால் ஒரு மாதம் தள்ளுபடி உண்டு. நான் இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறேன்.